வளரும் பிள்ளைக்கு விட்ட துணி

தையலக்காவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய்யோடுதான் படியேறுவார்கள். "துவைச்சதுல சுருங்கிப் போச்சுக்கா" என்று கால்சட்டையை மேசைமேல் போடுவார்கள். துணி எங்கே சுருங்கியது? தொப்பை அல்லவா முன்னால் வந்து நிற்கிறது! அதை அவள் சொல்லமாட்டாள். "இப்ப வர்ற துணியெல்லாம் அப்படித்தாங்க" என்று ஒத்து ஊதிவிட்டு, இடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். புதுத்துணியைவிடப் பழைய துணிதான் அவள் கடைக்கு அதிகம் வரும். பிரித்துவிடுவது, பிடித்துத் தைப்பது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. ஊரெல்லாம் போட்டுக் கழித்த துணியோடுதான் அவள் பிழைப்பு.

தொழிலுக்கு வந்த புதிதில், அளவு கொடுக்க வந்த ஒரு கல்யாணப் பெண்ணிடம், "போன தடவைக்கு இப்ப கொஞ்சம் பூசினாப்ல இருக்கீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பெண் போனவள்தான். அவளோடு அவள் வீட்டார், சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார் எல்லாரும் கடை மாற்றிக்கொண்டார்கள். வந்தவர் உடம்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அன்றைக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகு அளவு பார்க்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். ஊசி வாயில் இருக்கிறவரை உளறல் வராது பாருங்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பழக்கம் அவளை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

அவளுக்கு ஒரே மகள், பாப்பா. பதினைந்து வயது ஆன பிறகும் பாப்பாதான். "பாப்பான்னு கூப்பிடாத, ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மானம் போகுது" என்று பல்லைக் கடிப்பாள். தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளை வைத்துக்கொண்டு ஓயாமல் பேசிய பிள்ளை. எப்போது வாயைச் சாத்தினாள், எப்போது அறைக் கதவைச் சாத்தினாள் என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டால் ஒரு "ம்". கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தலையைத் தடவப் போனால் கழுத்தை நெளித்து விலகினாள். "இந்த வயசுல எல்லாம் அப்படித்தான்" என்றது தெரு. தெருவுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். பெற்றவள்தான் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா லாரி ஓட்டுகிறவர். விருந்தாளி மாதிரி வந்து போவார். வரும்போதெல்லாம் மகளுக்குப் பை நிறையத் தின்பண்டம் இருக்கும். "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கிக்கொண்டு மகள் அறைக்குள் போய்விடுவாள். அதெல்லாம் வயிற்றுக்குள் போயிற்றா, குப்பைக்குப் போயிற்றா என்று யார் பார்த்தார்கள்?

சீருடை தைக்கத் துணியோடு வரும் தாய்மார்களிடம் தையலக்கா எப்போதும் ஒன்று சொல்வாள். "வளர்ற பிள்ளை. உள்ள தாராளமா துணி விட்டுத் தைக்கிறேன். அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம்." பாப்பாவின் பள்ளிச் சட்டைக்கும் ஸ்கர்ட்டுக்கும் அப்படித்தான் விட்டிருந்தாள். ஆனால் ஒருநாள் சாயங்காலம் பாப்பா கடைவாசலில் வந்து நின்று, "அம்மா, ஸ்கர்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்" என்றாள்.

அம்மா என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டே எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தையலக்கா கையிலிருந்த வேலையைத் தூக்கிப் போட்டாள். பாப்பா கண்ணாடி முன்னால் கைகளை விரித்து நின்றாள். இவள் தரையில் மண்டியிட்டு, இடுப்பைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய்த் துணியைப் பிடித்து ஊசி குத்தினாள். பிள்ளை விலகவில்லை. அது மட்டுமா, நின்றுகொண்டே பள்ளிக்கதை பேசினாள். பாடம் நடத்தும்போது டீச்சரின் செருப்பு அறுந்துபோனதையும், அவர் கடைசிவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காததையும் சொல்லிச் சிரித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத் தையலக்கா, யார் எதைக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பாள்.

பிறகு சட்டையின் பக்கவாட்டைப் பிடித்துத் தரச் சொல்லிப் பாப்பா வந்தாள். பிறகு தோள். பிறகு மறுபடியும் ஸ்கர்ட். உயரம் வைக்கிற வயசு, சதை இழுத்துக்கொள்கிறது என்று தையலக்கா முதலில் நினைத்தாள். அப்புறம் அப்படி நினைக்க முடியவில்லை. ஊரார் உடம்பையெல்லாம் தொட்டுப் பார்த்த விரல்கள். பெற்ற பிள்ளையின் உடம்பில் அவற்றுக்கு என்ன தெரியாமல் போகும்? விலா எலும்பு விரலுக்கு அகப்பட்டது. சாப்பாட்டு நேரத்தில் "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்", "வயிறு சரியில்லம்மா" என்று தட்டில் இருப்பதைக் கிளறி இடம் மாற்றி வைத்துவிட்டு எழுந்துபோவதையும் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. என்னடி ஆச்சு உனக்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்டால் முறைத்துக்கொண்டு போய்விடுவாள், இந்தக் கண்ணாடி முன்னாலும் வந்து நிற்கமாட்டாள் என்ற பயம் அதை அப்படியே விழுங்கவைத்தது. வாயில் ஊசி வேறு இருந்தது.

அவள் செய்தது அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. தொழில் தெரிந்த கை சும்மா இருக்குமா? தோள்பட்டை எலும்பு துருத்தித் தெரியாதபடி சட்டைக்கு உள்ளே மெல்லிய துணி கொடுத்தாள். கை குச்சியாகத் தெரியாதிருக்கக் கைப்பகுதியில் சுருக்கம் வைத்தாள். முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் கச்சிதமா இருக்கு" என்பாள். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான். பாப்பாவின் முகம் மலர்ந்துபோகும். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், "உங்க பொண்ணு டிரெஸ் பண்றதே தனி அழகுங்க" என்று சொன்னபோது தையலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

விளையாட்டு நேரத்தில் பாப்பா மைதானத்தில் சுருண்டு விழுந்தாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, அவள் யாருடைய கால்சட்டைக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். போட்டது போட்டபடி ஓடினாள். லாரியைப் பாதி வழியில் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அப்பாவும் வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். சாப்பிடாமலே இருந்து இருந்து இதயம்வரை பலவீனமாகிவிட்டது. இது வெறும் பிடிவாதம் இல்லை, நோய். உடம்பைத் தேற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது. மனசு தேற இன்னும் நாளாகும்.

"இவ்வளவு மெலிஞ்சிருக்கா. வீட்டுல யாருமே கவனிக்கலையா?" என்று கேட்டார்.

"சத்தியமா தெரியல டாக்டர்" என்றார் அப்பா. "நான் வர்றப்பல்லாம் நல்லாத்தான் இருந்தா. சட்டையெல்லாம் சரியா இருந்துச்சே. தொளதொளன்னு தொங்கினா என் கண்ணுக்குத் தெரியாமலா போயிருக்கும்?"

"ஸ்கூல்லயும் அதையேதான் சொல்றாங்க" என்று டாக்டரம்மா மேசைமேல் இருந்த சீருடையை எடுத்தார். கழற்றும்போது நர்ஸுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இடுப்பிலும் பக்கவாட்டிலும் தையல்மேல் தையலாக, வெட்டப்படாத துணி மடிப்பு மடிப்பாகத் தடித்துக் கிடந்தது. வளர்கிற பிள்ளை, பிறகு பிரித்து விடலாம் என்று ஒவ்வொரு தடவையும் மிச்சத்தை வெட்டாமல் உள்ளேயே விட்டிருந்தாள் தையலக்கா.

"நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்" என்றாள்.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். "தொட்டுத் தொட்டு அளவெடுத்தியே, உனக்குமா தெரியல?"

"தெரிஞ்சுது" என்றாள் அவள்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மன்னித்திருப்பார். எழுந்து வெளியே போனார். அன்று முதல் மகளின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். நடுவில் பேச்சு என்றால் மருந்து, தண்ணீர், டாக்டர் வரும் நேரம், இவ்வளவுதான்.

பாப்பா இருவரிடமும் பேசவில்லை. மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். நர்ஸைத் திட்டினாள். ஒரு மத்தியானம் அப்பா மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சட்டை ஒரு தோளிலிருந்து வழுக்கி இறங்கியிருந்தது.

"அம்மா, இது ரொம்பத் தொளதொளன்னு இருக்கு. கழுத்துக்கிட்ட கொஞ்சம் பிடிச்சுக் குடேன்."

அதே குரல், கடைவாசலில் வந்து நின்று கேட்ட குரல். தையலக்காவின் கை தானாகக் கைப்பைக்குள் போயிற்று. ஊசியும் நூலும் இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. நூல்கண்டு விரலில் பட்டதும் கையை வெளியே எடுத்துவிட்டாள்.

"மாட்டேன் பாப்பா."

"ஒரே ஒரு தையல்தானேம்மா. வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கிறாங்க."

"பாக்கட்டும். எலும்பு தெரியட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

பாப்பா அவளையே பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்தது. "நீதானே ஒவ்வொரு தடவையும் கச்சிதமா இருக்குன்னு சொன்ன? அப்ப அதெல்லாம் பொய்யா?"

"சட்டையைத்தான் சொன்னேன்டா. உன்னைப் பத்தி நான் வாயே திறக்கல." உதட்டை இறுக்கிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. "செத்துப்போயிடுவியோன்னு பயமா இருக்கு பாப்பா. அப்பவே பயமாத்தான் இருந்துச்சு. கேட்டா எங்கிட்ட வரமாட்டியோன்னு கேக்கல."

பாப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். "வெளிய போ. நீ இனிமே இங்க வராத" என்றது போர்வை.

தையலக்கா போகவில்லை. நர்ஸ் ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அது ஆடை கட்டி ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இனி எப்போதாவது அந்தப் பெண் தன் முன்னால் கை விரித்து நிற்பாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.