என் அண்ணன் வீசியது நோ-ஹிட்டர்தான்!

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் பணிவான வணக்கம். மலர்ப் பொறுப்பை ஏற்றிருக்கும் என் மைத்துனர், "மாப்ள, ரெண்டு பக்கத்துக்குள்ள முடிங்க, அழுகாச்சி வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் அழப்போவதில்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கை பரபரக்கிறது! அண்ணன் பெயரில் நின்றிருக்க வேண்டிய ஒரு பெரும் சாதனை முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாக என்னால் மறைந்து கிடந்தது. அது எனக்கே அவருடைய கருமாதி அன்றுதான் தெரிய வந்தது. உங்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் அதை இன்று அவரிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் தலைமகனாகப் பிறந்தார் அண்ணன். சோளக்காட்டில் குருவி விரட்டும்போது அவர் எறியும் கல் கதிரில் படாது, பக்கத்துத் தட்டையில்தான் படும். அப்படி ஒரு கை! அவருக்குப் பதினேழு வயதாகும்போது எங்கள் தகப்பனார் திடீரெனக் காலமானார். விடியக் காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு, காலில் சேறு காயாமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனவர் அவர். என் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டவரும் அவரே.

நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தபோதுதான் அவருக்குப் பேஸ்பால் அறிமுகமானது. அப்போது மதுரையில் அந்த ஆட்டத்தின் பெயரைச் சொன்னால் "கிரிக்கெட்டா, கில்லியா?" என்று கேட்பார்கள். பந்து வீசுபவருக்குப் பிட்சர் என்று பெயர். முதல் வாரத்திலேயே அண்ணன்தான் பல்கலைக்கழக அணியின் பிட்சர்! அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் தொற்றிக்கொண்டு அதே அணியில் இடது கோடியில் நின்றேன்.

பேஸ்பால் தெரியாத சொந்தங்களுக்காக ஒரு விளக்கம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; ஒவ்வொன்றிலும் மூன்று பேர் வீதம், திரும்பத் திரும்ப வருபவர்களையும் சேர்த்து, எதிரணியின் இருபத்தேழு பேரை அவுட்டாக்க வேண்டும். அடிப்பவர் ஓடிச் சேரும் இடத்துக்குப் பேஸ் என்று பெயர். ஒருவர்கூட ஓடி முதல் பேஸைத் தொடாமல் இருபத்தேழு பேரும் வரிசையாக வெளியேறினால் அது பெர்ஃபெக்ட் கேம். அமெரிக்காவில் நூற்றைம்பது வருடங்களாகத் தொழில்முறை வீரர்கள் இதையே வாழ்க்கையாக ஆடியும், பெர்ஃபெக்ட் கேம் வீசியவர்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். அதற்கு அடுத்த படி நோ-ஹிட்டர். நம் ஆள் கைப்பிழையால், அதாவது எரரால், எவனாவது பேஸுக்குப் போகலாம், ஆனால் பந்தை முறையாக அடித்து, அதாவது ஹிட்டால், ஒருத்தனும் போயிருக்கக் கூடாது. முந்நூறு ஆட்டம் ஜெயித்த பெரிய பிட்சர்களிலேயே நோ-ஹிட்டர் இல்லாதவர்கள் உண்டு. அம்புட்டு அபூர்வம்!

இன்னொரு வழக்கமும் உண்டு. பிட்சர் அப்படி வீசிக்கொண்டிருக்கும்போது அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். பெஞ்சில் அவரை விட்டுத் தள்ளித்தான் உட்காருவார்கள். வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும். கண்ணேறுக்கு அமெரிக்கக்காரனும் பயப்படுகிறான் என்று தெரிந்தபோது எங்கள் தாயாருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, எங்கள் மைதானம். ஆட்டம் முடிந்ததும் அகில இந்தியப் போட்டிக்கான ஆட்களைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. தேர்வுக் குழுவினர் ஸ்கோர் தாளைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார்கள். அண்ணன் வீசினார் பாருங்கள்! அஞ்சாவது இன்னிங்ஸில் ஒன்பதே பந்தில் மூன்று பேரை வெளியே அனுப்பினார். ஏழாவது இன்னிங்ஸிலிருந்து எங்கள் பெஞ்சில் இருமல் சத்தம்கூட இல்லை. இருபத்தாறு பேர் அவுட்! இன்னும் ஒரே ஒருத்தன்!

அந்த ஒருத்தன் பந்தை உயரத் தூக்கினான். எனக்கு நேராக, பச்சைப் பிள்ளைகூடப் பிடிக்கும் பந்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? பந்து கைக்கு வருமுன்பே குதிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கை மேலே, கண் பெஞ்சுப் பக்கம். பந்து கிளவுஸ் நுனியில்கூடப் படாமல் என் பின்னால் தொப்பென்று விழுந்தது. பெர்ஃபெக்ட் கேம் போச்சு!

அண்ணன் அடுத்த ஆளை மூன்றே பந்தில் முடித்தார். ஜெயித்தோம். தலையைக் குனிந்துகொண்டு நின்ற என் தோளில் கையைப் போட்டு, "வெயிலு கண்ணுல அடிச்சிருச்சுல்லடா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே, வெயிலு" என்றேன்.

ஸ்கோர் தாளில் அது என் பிழையாகப் பதிவாகவில்லை, எதிரணியின் ஹிட் என்றே இருந்தது. பெர்ஃபெக்ட் கேம் போனதோடு நோ-ஹிட்டரும் போயிற்று. ஆனால் அன்று மாலை தேர்வுப் பட்டியலில் கடைசிப் பெயராக என் பெயர் இருந்தது! அந்தச் சான்றிதழ்தான் எனக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை வாங்கித் தந்தது. என் வீடு, என் பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதிலிருந்து வந்தவை. குடும்ப விசேஷங்களில் யாராவது கேலி செய்தால், "தாளப் போயிப் பாருங்கய்யா, ஹிட்டுன்னுதேன் போட்டுருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். அண்ணன் அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டே இலையில் மோர் ஊற்றச் சொல்லுவார்.

படிப்பு முடித்து அண்ணன் திருநகரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்தார். எரிந்த மோட்டாரோடு வரும் விவசாயியை மறுநாள் வா என்று திருப்பி அனுப்பியதே இல்லை. ஒரு பொழுது தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் என்னாகும் என்று தெரிந்தவர் அவர். கைபேசி வந்த பிறகு ஒவ்வொரு காலையும் சீனி டப்பாவில் அதைச் சாய்த்து வைத்து, அமெரிக்க ஆட்டம் பார்ப்பார். எவனாவது நோ-ஹிட்டரை நெருங்கினால் வீட்டில் ஊரடங்குதான்.

"மிக்ஸியப் போடாத!"

"எங்கயோ எவனோ பந்து எறியிறதுக்கு எங்க வீட்டுச் சட்டினி என்ன பாவம் பண்ணுச்சு?" என்பார் அண்ணி.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவருடைய நெடுநாள் ஆசை நிறைவேறியது. ஒரு பெர்ஃபெக்ட் கேமை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை நேரலையில் பார்த்தார்! கடைக்குப் போகாமல் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் பிட்சரைப் பற்றிப் பேசவே இல்லை. "கடைசிப் பந்து மூணாவது பேஸ்காரன்கிட்டப் போச்சுடா. பாவம், அந்தப் பயலுக்கு எப்புடி ஒதறியிருக்கும்! விடாமப் பிடிச்சுட்டான்" என்று கண் கலங்கினார். என்னைத்தான் குத்துகிறார் என்று நினைத்து, கேசரியைத் தின்னாமல் வந்துவிட்டேன். மடையன் நான்.

கணையத்தில் கட்டி என்று மருத்துவர்கள் எங்களிடம் மட்டும் சொன்னார்கள். அண்ணனிடம் சொல்ல எவருக்கும் தைரியம் இல்லை. அவர் கட்டிலைச் சுற்றிச் சுவரோரமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்னடா, எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காந்துருக்கீக? ஒம்பதாவது இன்னிங்ஸாக்கும்?"

அவரே சிரித்துவிட்டார். "பக்கத்துல வந்து உக்காருங்க. இதப் பேசலாம், கண்ணெல்லாம் படாது." கடைசி நாள் வரை அந்த அறையில் பேச்சும் சிரிப்புமாகவே இருந்தது.

கருமாதி அன்று பந்தலில் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். சேதுராமன் அண்ணன், அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதியவர், இப்போது வண்டியூரில் இருக்கிறார். பையிலிருந்து மடிப்பு விட்டுப்போன ஒரு பழைய தாளை எடுத்தார். அன்றைய ஸ்கோரின் கார்பன் பிரதி. கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'எரர், இடது கோடி' என்று எழுதி, அதை அடித்து, மேலே 'ஹிட்' என்று திருத்தியிருந்தது.

"நான் எரர்னுதேன் போட்டேன் தம்பி. ஒங்க அண்ணே நேரா வந்து, வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு, ஹிட்டுன்னு மாத்துயான்னாரு. ஒங்க நோ-ஹிட்டரு போயிருமேண்ணேன்னேன். போகட்டும்யா, எரர்னு இருந்தா எந்தம்பி பேர எழுத மாட்டாங்கன்னாரு."

"வெயிலு..." என்று இழுத்தேன்.

"ஏது வெயிலு? அன்னைக்கு மப்பும் மந்தாரமுமாவுல்ல கெடந்துச்சு! அதயும் சொன்னேன். எந்தம்பி கண்ணுக்கு அடிச்சுச்சுயா, எழுதுன்னாரு. அவரு இருக்குற வரைக்கும் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாரு. இன்னிக்கு வாக்கு முடிஞ்சிருச்சு."

பந்தலில் அத்தனை பேர் இருக்க, நான் அந்தப் பெரியவரைக் கட்டிக்கொண்டு அழுதேன், சிரித்தேன், கத்தினேன். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனை இரவும் பகலும் தாங்கிய அண்ணிக்கும் மகனுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், அவர் படுத்திருந்த நாட்களில் கடையைத் திறந்து வேலை தேங்காமல் பார்த்துக்கொண்ட திருநகர் அன்பர்களுக்கும், ஒரு வாக்கை முப்பத்தைந்து வருடம் காத்த சேதுராமன் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அடுத்த பக்கத்தில் அந்தத் தாளை அச்சிட்டிருக்கிறோம். 'ஹிட்' என்பதை நான் சிவப்பு மையால் அடித்து, 'எரர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் சேதுராமன் அண்ணனும் போட்டிருக்கிறார். அன்று வெயில் அடிக்கவில்லை. பந்தைக் கோட்டைவிட்டவன் நான். இனி எந்த விசேஷத்தில் யார் கேலி செய்தாலும் வாயைத் திறக்க மாட்டேன், தாராளமாகச் செய்யுங்கள்.

அண்ணே, நீங்க வீசுனது நோ-ஹிட்டருண்ணே!