மொட்டைப் பனையில் மூன்று வாரம்

பக்கத்து வளவில் ஒரு மொட்டைப் பனை நின்றது. போர்க்காலத்தில் ஷெல் பட்டுத் தலை போனது. மிச்சமாய் நின்ற கறுத்த மரம் ஆண்டுக்காண்டு சரிந்து இப்போது அயல்வீட்டு அக்கா சமைக்கும் ஓலைக் குசினியின் பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. அந்த வீட்டில் அக்கா தனியாக இருக்கிறார். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்குமுன் மரத்தை இழுத்து விழுத்த ட்ராக்டர்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். ட்ராக்டர் வரவிருந்ததற்கு முதல் நாள் காலையில் மரத்தின் மேற்பகுதியில் ஒரு வட்ட ஓட்டையையும் அதிலிருந்து ஒரு மரங்கொத்தி வெளியே பறப்பதையும் கண்டேன்.

யாழ்ப்பாணத்தில் இந்த இனத்தின் முதுகு பொன்மஞ்சள். தெற்கே போனால் சிவப்பு. இடையில் இருக்கும் எங்கள் பூவரசங்குளத்தில் இரண்டும் கலந்த நிறம். பின்னால் காடு நிறையப் பட்ட மரங்கள் இருக்க, இந்தச் சோடி பனையைத் துளைத்திருந்தது.

வேலியருகே போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, பனைக்குள்ள குஞ்சு கிடக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

"எத்தினை நாளைக்கு?"

"மூண்டு கிழமை."

"மரம் விழுந்தா உங்கட குருவியோ வந்து குசினி கட்டித் தரும்?"

அடுத்த நாள் ட்ராக்டர் வரவில்லை; அக்காவின் அடுப்பு குசினியை விட்டு வேம்பின் கீழ் வந்திருந்தது.

பத்திரிகையில் பிறர் தந்த எண்களைச் சரிபார்ப்பதே என் வேலையாக இருந்தது. இந்த எண்ணை நான் சரிபார்க்கவில்லை. குஞ்சு பொரித்து எத்தனை நாளாயிற்று என்றுகூடத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

காற்று முந்திக்கொண்டது. எழுத உட்கார்ந்தால் வேலி ஓலை சரசரக்கும். எழுந்து வேலிக்குப் போவேன். மரம் நிற்கும். திரும்பி வந்தால் மறுபடி சரசரப்பு. தாயும் தகப்பனும் மாறிமாறி வந்தன. அடியில் ஒட்டி, வாலை ஊன்றி, மரத்தைச் சுற்றிச் சுற்றி மேலேறி, ஓட்டையின் வாசலில் இருபக்கமும் பார்த்த பிறகே தலையை உள்ளே விடும். உடனே உள்ளிருந்து சீறல் எழும். மரத்தைப் பார்க்க வந்த ட்ராக்டர்காரர் அதில் காதை வைத்துவிட்டுத் துள்ளிப் பாய்ந்தார்.

"அக்கா, உள்ள பாம்பு!"

"தம்பி அதைக் குஞ்செண்டல்லோ சொல்லுறார்," என்று அக்கா சிரித்தார். "ரெண்டு பேரும் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ."

மூன்று வாரம் முடிந்த காலையிலும் ஓட்டையில் ஒரு சிவந்த தலை தெரிந்தது.

"தம்பி, நாள் முடிஞ்சுது."

"ஓம் அக்கா."

"இன்னும் மூண்டு நாள். பிறகு நான் குருவியையும் பாக்க மாட்டன், உங்களையும் பாக்க மாட்டன்."

இரண்டாம் நாள் ஒரு குஞ்சு பறந்தது. மூன்றாம் நாள் விடிய இன்னொன்று. பிறகு கத்தியின் பின்புறத்தால் மரத்தைத் தட்டினேன். தலை எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. காத்திருந்து மறுபடி தட்டினேன். சீறலும் இல்லை.

அன்று மதியம் ட்ராக்டர் வந்தது. கயிற்றை ஓட்டைக்குக் கீழே கட்டினார்கள். முதல் இழுவையிலேயே மரம் ஓட்டை இருந்த இடத்தில் முறிந்தது. கீழ்ப்பகுதி முற்றத்தில் விழுந்தது. மேல்துண்டு பின்னால் சரிந்து குசினிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனது. அந்தத் துளை இல்லாவிட்டால் அந்த இடத்தில் முறிந்திராது.

தூசி அடங்குமுன்னமே அக்கா ஓடி வந்தார்.

"அதுக்குள்ள ஒண்டும் இல்லையே?"

முறிந்த பொந்துக்குள் கையை விட்டேன். முழங்கை வரை போனது. சுவர் வழுவழுப்பாக இருந்தது.

"இல்லை அக்கா."

"ம்," என்றவர், அதன்பிறகுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்குக் கூரைக்குக் கிடுகு கட்ட வாறன்," என்றேன்.

"வாங்கோ. எத்தினை நாள் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ."