பீச்சாங்கைத் தாழ்ப்பாள்

துப்பாக்கிக் கடைக்குப் போகிற வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பேசிக்கொண்டு வந்தது தாழ்ப்பாளைப் பற்றித்தான். போல்ட் என்றால் தாழ்ப்பாள்தானே. சாதாரண ரைஃபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் அதன் பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி கீழே மடக்க வேண்டும். பொள்ளாச்சியில் எங்கள் வாசக்கதவைத் திறந்து சாத்துகிற அதே வேலை. அவர் கண் வைத்திருந்த ஜெர்மன் ரைஃபிளில் தூக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். மேஜை டிராயர் மாதிரி நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். மான் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்காது, குறி கலையாமல் அடுத்ததைச் சுட இதுதான் தோது என்று கோடை முழுக்க இதே பேச்சு. கட்டில் மேலே கேட்டலாக், சாப்பாட்டு மேஜையிலும் கேட்டலாக். பொண்ணு பார்க்க வந்தபோது ஒரு பஜ்ஜி தின்கிற நேரத்தில் என்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்ன மனுஷன், ஒரு தாழ்ப்பாளுக்கு இத்தனை யோசிக்கிறாரே என்று எனக்கு எரிச்சலும் சிரிப்புமாக வந்தது.

அவருடைய ஆபீஸில் ஒரு டெக்சஸ்காரர் எங்கள் ரெண்டு பேரையும் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தார். கிரீன் கார்டும் வந்துவிட்டது, இனி தைரியமாகத் துப்பாக்கி வாங்கலாம் என்று இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் ஒரே ஒரு துப்பாக்கிதான், அதுவும் பூட்டின பெட்டிக்குள் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

ஆனால் அதில் எனக்கும் ஆசை இருந்தது. சனிக்கிழமைகளில் டாலஸைத் தாண்டி, சுடப் பழகுகிற ஒரு ரேஞ்சுக்கு டிரைவ் பண்ணிப் போவோம். அங்கே வாடகைத் துப்பாக்கியில் நானும் சுடுவேன். ரெண்டாயிரமாவது வருஷம் பிறக்கப்போகிறதே என்று பழைய கம்ப்யூட்டர் புரோகிராம்களில் தேதிகளைத் தேடித் திருத்துவதுதான் அப்போது என் வேலை. தூக்கத்திலும் எண்களாக ஓடும். ரேஞ்சில் மட்டும் அவை நின்றுவிடும். எல்லோரும் சுடுவதை நிறுத்தி, குறிக்கு வைத்த தாளை மாற்ற ஆட்கள் நடந்து போகிற அந்த இடைவெளிகளில், மஞ்சள் புல் வெயிலில் நெளிந்துகொண்டே இருக்கும். நடந்து போகிறவர்கள் தண்ணீருக்குள் நடப்பது போலத் தெரிவார்கள். காது மூடியைக் கழற்றக்கூட மனசு வராது. அப்படியே உட்கார்ந்திருப்பேன், நான் எந்த ஊர், யார் வீட்டு மருமகள் என்பதெல்லாம் எங்கேயோ போய்விடும். பெரிய சந்தோஷம் அது.

ஒரே குறை, என் தாளில் ஒரு ஓட்டைகூட விழாது. துப்பாக்கி மேலே குறி பார்க்க வைத்திருக்கும் ஸ்கோப்புக்குள் பாதி வட்டம் எப்போதும் கறுப்பாகவே இருக்கும், தோட்டா எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவையாவது தாளைத் தொடாமல் வேட்டைக்கு வருவதில்லை என்று எனக்குள் முடிவு பண்ணியிருந்தேன். அடிபட்ட மானை ஓடவிடுகிற பாவம் எனக்கு வேண்டாம்.

கடையில் அந்த ரைஃபிளை எடுத்து முதலில் அவர் கையில் கொடுத்தார்கள். இழுத்தார், தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சத்தமே இல்லை. அவர் முகம் அன்றைக்கு இருந்த மாதிரி நான் பார்த்ததில்லை. நீயும் பிடித்துப் பார் என்று என்னிடம் நீட்டினார். என் வலது தோளில் கைப்பை, வலது கையில் கார் சாவி. இடது கையை நீட்டினேன், அது தானாகப் போய் இடது தோளில் உட்கார்ந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்தேன். ஸ்கோப்பில் முழு வட்டம், கறுப்பே இல்லை. அந்தக் கண்ணாடிக் கண்ணும், அதைச் சுற்றிய ஒவ்வொரு மயிரும் பளிச்சென்று. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. பிறகு போல்ட்டை இழுக்க இடது கை தானாக மேலே போனது. பிடி அந்தப் பக்கம் இல்லை. சட்டென்று சுய நினைவு வந்து, திருட்டில் அகப்பட்டவள் மாதிரி வலது தோளுக்கு மாற்றினேன்.

கடைக்காரர் கவனித்துவிட்டார். கட்டை விரலை நீட்டி மான் தலையை மறைக்கச் சொன்னார். இடது கண்ணை மூடினால் விரல் எங்கேயோ சுவருக்குத் தாவியது. வலது கண்ணை மூடினால் அசையவே இல்லை. எனக்குக் குறி பார்க்கிற கண் இடது கண்தான் என்றார்.

வீட்டுக்காரர் தமிழில் மெதுவாகக் கேட்டார், "சின்ன வயசுல நீ எந்தக் கை, அம்மிணி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடையில் வைத்துக் கேட்கிற கேள்வியா இது? எங்கம்மா அடித்து அடித்து மாற்றிய கை. சோறு உண்ண, எழுத, காசு கொடுக்க, கோலம் போட, எல்லாவற்றுக்கும் புறங்கையில் ஒரு அடி. போகிற வீட்டில் பீச்சாங்கையால் ஒரு கரண்டி பரிமாறினாலும் நம் மானம் போச்சு என்று கல்யாணத்துக்கு முந்தின நாள்கூடச் சொல்லி அனுப்பினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவருக்குத் தெரியாமலே காப்பாற்றி வந்தேன்.

அதே ரைஃபிள் இடது பக்கப் பிடியோடும் வரும், ஆர்டர் பண்ணினால் வேட்டைக் காலம் முடிகிற சமயத்தில்தான் கைக்குக் கிடைக்கும் என்றார் கடைக்காரர். எனக்காகப் பார்க்க வேண்டாம், உங்களுடையதை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு நான் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். மறுநாள் அந்த டெக்சஸ்காரருக்கு போன் பண்ணி, இந்த வருஷம் தோதுப்படவில்லை, அடுத்த வருஷம் வருகிறோம் என்று சொல்வதைக் கேட்டபோதுதான், எந்தப் பக்கத்துப் பிடிக்கு ஆர்டர் பண்ணியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷமா, கோபமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

துப்பாக்கி வந்த வாரமே ரேஞ்சுக்குப் போனோம். பனி மூட்டம், தூரத்துத் தாள்கள் அந்தரத்தில் தொங்குவது போல இருந்தன. பழக்கதோஷத்தில் நான் வலது தோளுக்குத்தான் தூக்கினேன்.

"பீச்சாங்கையில எடு, அம்மிணி," என்றார்.

எடுத்தேன். சுட்டேன், நேராக இழுத்து நேராகத் தள்ளி மறுபடி சுட்டேன். தாளில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை, அதன் வழியாக வெள்ளை வானம் தெரிந்தது.

பிறகு அவர் முறை. சுட்டதும் அவர் வலது கை பிடியைத் தேடி மேலே போய் வெறும் இரும்பைத் தடவியது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. துப்பாக்கிக்கு மேலாக எட்டி இழுக்கப் பார்த்தார், தோளிலிருந்து நழுவியது. காலை முழுக்க அப்படித்தான், ஒன்றும் தாளில் படவில்லை. நான் சிரித்துக்கொண்டேதான், "இப்பத் தெரியுதுங்களா, நான் எப்படி வளந்தேன்னு?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது போல்ட்டைத் திறந்து, காலியா என்று பார்த்து, துப்பாக்கியை அவரிடம் பீச்சாங்கையாலேயே நீட்டினேன். ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் தன் சோத்துக்கையில் இருந்த பையைக் கீழே வைக்காமல், அவரும் பீச்சாங்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.