தம்பியின் அறையில் எவ்வளவு?

என்னோடு வேலை செய்யும் அக்கா, தினமும் அலுவலகத்தில் கணினியைத் திறக்கும் முன் தன் தம்பியைத் தொலைபேசியில் எழுப்புவார். “சுவத்துல எவ்வளவு காட்டுது? கண்ணைத் தொறந்து பாத்துச் சொல்லு.”

“முப்பது. ஏன்க்கா, அவ்ளோ பெரிய ஆபீஸ், என் ரூம் தெர்மாமீட்டர வெச்சுத்தான் ஓடுதா?”

“ஆமா, நீதான் எங்க பெரிய ஆபீசர். தண்ணி குடிச்சிட்டுத் தூங்கு.”

எண்ணை நோட்டில் நீல மையால் குறிப்பார். போன கோடையிலிருந்து அதில் ஒரு நாள் கட்டமும் காலியாக இருந்ததில்லை. அவருக்கே காய்ச்சல் வந்த நாளிலும்கூட.

வானிலை அலுவலகத்தில் வெப்ப அலைகளை முன்னறிவிப்பவர் அவர். அந்த எச்சரிக்கைகளை இன்னொரு மொழியில் எழுதும் எனக்கு அடுத்த மேசை. ஒரு சொல் பிசகினால் யாரோ வெயிலில் நிற்பார்களே என்று அகராதியைப் புரட்டிக்கொண்டே இருப்பேன். “போதும், கிழிஞ்சிடப் போகுது” என்பார்.

வானிலையைக் கணிக்கும் கணினி நிரலை ‘மாதிரி’ என்போம்; அது தொடக்க வெப்பம், காற்று போன்ற எண்களைச் சற்றே மாற்றி மாற்றி, ஐம்பது முறை கணக்குப் போடும். அவருக்கு அவை ஐம்பது பிள்ளைகள். படங்களை அச்செடுத்து, மடித்த துணிபோல் அடுக்குவார். அதிகச் சூடு காட்டுபவை தனியாக டிபன் டப்பாவுக்கு அடியில் போகும். மாதிரியை யாராவது திட்டினால் அவருக்குப் பொறுக்காது. “பத்து கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே நம்பர்தான் குடுக்கும். அதுக்குள்ள ஏரியும் இருக்கு, என் தம்பியோட தகரக் கூரையும் இருக்கு. பாவம், அதுக்கு என்ன தெரியும்?”

போன கோடையில் அந்த எண்ணை நம்பி, இரவில் தணிந்துவிடும் என்று எழுதினார். மூன்றாம் நாள், இரவும் தணியாத சூட்டில், கூரை வேலை செய்யும் தம்பி மாடிப்படியில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கூட்டிவந்த கையோடு, அறைச் சுவரில் ஆணி அடித்து வெப்பமானியை மாட்டினார்.

இந்தச் செவ்வாய், பதினொரு பிள்ளைகள் வியாழன் இரவு தணியாது என்றன. சிவப்பு எச்சரிக்கை விட்டால் ஊரில் வெளிவேலை மொத்தமும் நிற்கும். மேலதிகாரி படங்களைப் புரட்டினார்.

“பதினொண்ணுதானேம்மா? மிச்சம் முப்பத்தொம்பதும் சும்மாவா?”

“சும்மா இல்ல சார். போன வருஷம் அதுங்க பேச்சைத்தான் கேட்டேன்.”

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிவப்பு எச்சரிக்கையில் கையெழுத்திட்டார்.

உடனே தம்பிக்கு அழைப்பு. “வியாழக்கிழமை எங்க வீட்டுக்கு வந்துடு.”

“உன் குறட்டைக்கு வெயிலே தேவலக்கா.”

“வராம இருந்து பாரு.”

வெள்ளி காலை. புல்தரையில், நிழலில் நிற்கும் அலுவலகக் கருவியே இரவு முழுக்க முப்பத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. அவர் வந்ததும் நேராகக் கணினியைத் திறந்தார். நான் அகராதியை மூடிவைத்தேன்.

“தம்பிக்குக் கூப்பிடலையா?”

“எங்க வீட்டுக் கூடத்துல தூங்குறான். எழுப்ப மனசு வரல.” பிறகு, குரலைத் தாழ்த்தி: “குறட்டை அவன்தான் விடுறான்.”

நோட்டை எடுத்தார். வெள்ளிக்கிழமைக் கட்டத்தின் மேல் பேனா சற்று நின்றது. மூடியைப் போட்டு, கட்டத்தை வெறுமையாகவே விட்டு, நோட்டை மூடினார்.