முப்பது குதிரையும் இருபத்தாறு குதிரையும்

என் அண்ணியின் தம்பி, சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் பிந்தியதால் மாண்டான் என்று திருச்சுழிப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். அது பொய். மறுத்துரைக்க வேண்டிய என் அண்ணன் மறைந்துவிட்டமையால் நான் எழுதுகிறேன்.

அது போர்க்காலம். பெட்ரோல் அரிதானதால் வண்டிகளில் கரியை எரித்து வாயு தரும் கரிவாயு உலை பொருத்தி ஓட்டினர். வீரசோழன் பக்கத்துப் பஞ்சை அருப்புக்கோட்டைக்கு ஏற்றிவந்த அண்ணனுக்கும் ஓர் உலை தேவைப்பட்டது. அண்ணனும் அவனும் நானுமாக மூவரும் மதுரைக்குச் சென்றோம்.

முதற்பட்டறையில், தங்கள் உலையை இணைத்து, தனியே கழற்றி வைத்த இயந்திரத்தின் கனத்த சக்கரத்தில் கயிறு சுற்றி எடை தொங்கவிட்டு அளந்தனர். முப்பது குதிரைத்திறன் என்றனர். இரண்டாம் பட்டறையில் அதே வகை இயந்திரம் வண்டியிலேயே இருந்தது; பின்சக்கரத்தை உயர்த்தி, அதில் கயிற்றைச் சுற்றி அளந்து, இருபத்தாறு என்றனர்.

"இந்தக் கடைக்காரன் நாலு குதிரைய வித்துத் தின்னுட்டான் போல மச்சான்" என்றான் அண்ணியின் தம்பி.

அண்ணன் சிரித்தார். "நமக்கு எதுக்கு மாப்ள நோஞ்சான் குதிரை? முப்பதையே பூட்டுவோம்."

கரிவண்டி மேடேறுகையில், பின்னுருண்டால் முட்டுக்கொடுக்க ஒருவர் கட்டையுடன் பின்சக்கரத்தை ஒட்டி நடப்பது வழக்கம். விபத்து நேர்ந்த அன்று குண்டாற்றுக் கரைமேட்டில் அப்படி நடந்தவன் அண்ணியின் தம்பி. பாதி ஏற்றத்தில் இயந்திரம் திணறி நின்றது. அவன் கட்டையை உரிய பொழுதில் வைத்தான்; உடனிருந்து நான் கண்டேன். பஞ்சுப் பொதியின் பாரம் கட்டையை மணலுக்குள் அழுத்திற்று; வண்டி அதன்மேல் ஏறி அவன்மீது சரிந்தது.

பின்னர், இரண்டாம் பட்டறை உலை பூட்டிய காரியாபட்டி வண்டியொன்று அதே அளவு பொதியுடன் அதே மேட்டில் ஏறியதைக் கண்டேன். அப்பொழுதே கயிறு சுற்றிய இடங்கள் நினைவில் எழுந்தன. இயந்திரத்தில் பிறக்கும் திறனைப் பல்சக்கரங்களும் அச்சும் வழியில் தின்றது போக மீதமே மண்ணைத் தொடும். முப்பது, தின்னப்படுவதற்கு முந்தைய கணக்கு. இருபத்தாறு, தின்றது போக நின்ற கணக்கு. அந்த முப்பதையும் பின்சக்கரத்தில் அளந்திருந்தால் இருபத்தாறுக்கும் கீழே நின்றிருக்கும். ஒப்பிடத் தகாதவற்றை ஒப்பிட்டோம்.

அண்ணனிடம் சொன்னேன். உள்ளிருந்து கேட்ட அண்ணி வாசலுக்கு வந்தார்.

"அப்ப அந்த முப்பது எங்க போச்சு, கொழுந்தனாரே?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவர் நில்லாமல் உள்ளே போய்விட்டார்.

பொறியியல் நான் முறையாகக் கற்றதில்லை. அளவை பற்றிய என் விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. கட்டை பிந்தியது என்போர் மட்டும், அன்று அந்தக் கரைமேட்டில் நின்று கண்டவராயின் வந்து சொல்லுக.