தக்காளிக்கு முட்டுக் கொடுத்த சனிக்கிழமை

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. சித்தப்பா சொல்வதைச் சித்தியிடமும், சித்தி சொல்வதைச் சித்தப்பாவிடமும் கொண்டு சேர்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒரே அறையில்தான் இருந்தார்கள். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நேராகப் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள். "இன்னும் இட்லி வேணுமான்னு உங்க சித்தப்பாவக் கேளு" என்பாள் சித்தி, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு. நான் திரும்பி அதையே கேட்பேன். சித்தப்பா போதும் என்பார். சித்தியின் காதில் அது நன்றாகவே விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்கிறவரை பாத்திரம் நகராது.

மைசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் சித்தப்பா குடமிளகாய் போட்டிருந்தார். அவருக்கு ஊர்க்கோடியில், ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன், ஷூ போட்ட காலோடு செடிகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கிளம்புவார். சித்தி கல்யாணமாகிக் கொள்ளேகாலிலிருந்து வந்தவள். ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது தக்காளி நாற்றுக் கொண்டுவந்து மீதி இடத்தில் நட்டாள். அவை தம் இஷ்டத்துக்குப் படர்ந்தன. சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் சித்தியும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா ஆபீசில் எதையோ படித்துவிட்டு வந்திருந்தார். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, ஒற்றைத் தண்டாகக் குச்சியோடு கட்டினால் காய் பெரிதாக வரும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே எல்லாத் தக்காளிச் செடிகளையும் மொட்டையடித்தார். பிறகு பிளாஸ்டிக் ஒயரால் குச்சியோடு சேர்த்து முறுக்கினார். பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும் பிள்ளைகளைப் போலச் செடிகள் வரிசையாக விறைத்து நின்றன. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சித்தி வந்து பார்த்தாள். கீழே கிடந்த கிளைகளில் பூவும் பிஞ்சும் இருந்தன. அவற்றைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாப்பாட்டு வேளையிலேயே என் உத்தியோகம் தொடங்கிவிட்டது.

எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த வாரக் கடைசியில் சித்தி ஒரு பையில் துணிகளை எடுத்து வைப்பதைப் பார்த்தேன். கொள்ளேகாலில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை நாள் என்று அம்மா கேட்டபோது பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் பெருமையும் போய்விட்டது.

அன்றிரவு காற்றும் மழையும் போட்டு அடித்தன. விடிந்து பார்த்தால், தக்காளிச் செடிகள் குச்சியோடு சாய்ந்து கிடந்தன. ஒயர் கட்டிய இடங்களில் தண்டு வெட்டுப்பட்டிருந்தது. குடமிளகாய்க்கு முட்டே தேவையில்லை என்று சித்தப்பா விட்டிருந்தார். காயின் கனம் தாங்காமல் அதன் கிளைகள் கிழிந்து தொங்கின. பஸ்ஸுக்குக் கிளம்பிய சித்தி பையை வாசலில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சனிக்கிழமை லீவு ஆனதால் சித்தப்பாவும் பின்னாலேயே வந்தார். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

சித்தி ஒரு பழைய காட்டன் சேலையை நாடா நாடாவாகக் கிழித்தாள். வேரில் குத்தாமல் தள்ளி மூங்கில் குச்சியை இறக்கி, தண்டையும் குச்சியையும் எட்டுப் போட்ட மாதிரி சுற்றித் தளர்வாக முடிந்தாள். "பிகியாக் கட்டினாத்தானே நிக்கும்னு கேளு" என்றார் சித்தப்பா. இறுக்கமாக என்பதை எங்கள் வீட்டில் கன்னடத்தில்தான் சொல்வோம்.

"செடி கொஞ்சம் ஆடோணும். ஆடுனாத்தான் தண்டு கெட்டியாகும்னு சொல்லு கண்ணு" என்றாள் சித்தி. சொன்னேன்.

குடமிளகாய்க்கு மூங்கில் போதவில்லை. வரிசையின் இரண்டு முனையிலும் கம்பு நட்டு, செடிகளுக்கு இரு பக்கமும் கயிறு இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு முனையைச் சித்தி பிடித்தாள். மறுமுனை என் கையில். நான் இழுத்த லட்சணத்தில் கயிறு தரையில் கிடந்தது. சித்தப்பா வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

இரண்டு பேரும் கயிற்றைச் செடிகளின் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்கள். பிறகு சித்தப்பா, கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "ஆய்த்து, சரி. இனிமே அவளக் கேக்காம எதுவும் பண்ண மாட்டேன்னு சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். சித்தி நிமிரவில்லை. "செடியவான்னு கேளு."

திரும்பி வந்து கேட்டேன். சித்தப்பாவின் காது சிவந்திருந்தது.

"செடியையும்தான்னு சொல்லு."

செடியைத் தவிர அங்கே வேறு என்ன இருக்கிறது? துவைக்கிற கல்லைப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சித்தி கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள். அதை எதிர்பார்க்காத சித்தப்பா தடுமாறிச் சேற்றில் மண்டி போட்டார். சித்தி சிரித்துவிட்டாள்.

"கயித்த ஒழுங்காப் புடிங்க" என்றாள், நேராக அவரிடமே.

வாசலில் இருந்த பையை அம்மா சத்தமில்லாமல் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மத்தியானம் சித்தி எங்கோ ஃபோன் செய்து நெடுநேரம் பேசினாள். சித்தப்பா, கழுவாத காலோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து அவள் தினமும் காலையில் கொள்ளேகால் பஸ் ஏறினாள். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, சித்தப்பா தன் பஸ்ஸுக்கு அரக்கப்பரக்க ஓடுவார்.

நான் காலேஜில் சேர்ந்த பிறகு அம்மா மீதியைச் சொன்னாள். அந்தப் பள்ளியிலிருந்து சித்தியை வேலைக்கு அழைத்து முதலில் ஃபோன் வந்தபோது எடுத்தவர் சித்தப்பா. அவ்வளவு தூரம் அலைய அவளுக்கு இஷ்டமில்லை என்று அவரே சொல்லி வைத்துவிட்டார். சித்தியிடம் மூச்சு விடவில்லை. சித்தியின் ஊர்க்காரப் பெண் ஒருத்தி மார்க்கெட்டில் அதைப் போட்டு உடைத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வீட்டுக்கு வந்தால், செடிகள் மொட்டையாக நிற்கின்றன.

அன்று இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பெரியவர்களின் சண்டை எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினேன். தன் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று வகுப்பில் என் தோழி அழுதபோது, அவள் தோளில் கை போட்டு, உங்கள் வீட்டில் தக்காளிச் செடியை வெட்டியது யார் என்று கேட்டேன்.