அருவிக்கு முன்னால் ஒரு தெலுங்குப் பலகை

வேன் வைத்து ஊர் காட்டிப் பிழைக்கிறவனுக்குத் தொண்டையும் வேண்டும், தோலும் கொஞ்சம் தடிப்பாக வேண்டும். இந்தத் தொழிலைத் தொடங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த எங்கள் நைனா தலை நிமிராமலே, "மீனு வித்தா மீனக் குடுத்துட்டுப் பூடலாம். நீ தண்ணியக் காட்றேன்ற. அப்ப நீ..." என்று ஏதோ சொன்னார். மீதி நினைவில்லை. அந்த நேரம் நான் செல்போனில் போஸ்டருக்குக் கலர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மஸ்கட்டில் ஓர் ஓட்டல் வரவேற்பறையில் இருபது வருஷம் நின்றுவிட்டு, நாற்பத்தேழு வயதில் சுண்ணாம்புக்குளத்துக்குத் திரும்பியவன் நான். ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அப்புறம் எல்லை தாண்டிப் போய்த் தெலுங்கில் படிப்பு. காலையில் பொன்னேரி ஸ்டேஷனில் ஆட்களை ஏற்றுவேன். முதலில் ஏரியில் படகு. பிறகு தடாவைத் தாண்டி மலைக்குள் இருக்கிற அருவி. சாயங்காலம் மறுபடி ஸ்டேஷன். வருகிறவர்களிடம் 'ஆமாம் சார், ஆமாம் மேடம்' என்று சொல்லியே கழுத்து தேய்ந்த சக தொழிலாளிகளே, கீழே இருப்பதில் சிலது உங்களுக்கும் நடந்திருக்கும். கடைசியில் இருப்பது நடந்திருக்கக் கூடாது.

போஸ்டர் அருவி

என் போஸ்டரில் இருந்தது எங்கள் அருவியே இல்லை. எந்த ஊருடையது என்று எனக்கும் தெரியாது, இணையத்தில் எடுத்தது. ஒரு கல்யாண மண்டப அகலத்துக்கு வெள்ளையாகக் கொட்டும். எங்களுடையது வேறு மாதிரி. கல்லும் வேருமாக ஒன்றரை மணி நேரம் ஓடையோரமே நடந்தால், இரண்டு பாறைச் சுவர்கள் நெருங்கி நிற்கும். நடுவில் ஒரு வெட்டு. அதன் வழியாக ஒற்றைத் தாரையாக இறங்கி, பச்சைக் குளம் ஒன்றில் சத்தமில்லாமல் சேரும். பாறை இடுக்கில் தேன்கூடுகள். உச்சி வெயிலிலும் அங்கே நிழல். அந்த அழகைச் சொல்லியே கூப்பிட்டிருக்கலாம். நான் இல்லாத அளவைக் காட்டிக் கூப்பிட்டேன்.

சித்திரை மாதம் பெரம்பூரிலிருந்து ஒரு கோஷ்டி வந்தது. அதில் ஒருத்தர் அருவியில் குளிப்பதற்காக வேனிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டார். நடந்து போய்ப் பார்த்தால் பாறை வியர்த்த மாதிரி ஒரு கசிவு. அவர் எண்ணெய் வழிய அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோபமே இல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "எங்க மாடி டேங்கு ரொம்பி வழிஞ்சாலே இத்தவிட ஜோரா கொட்டும்ணா."

முழங்கால் ஆழம்

எங்கள் பக்கத்து ஏரியில் பெரும்பாலும் இடுப்பளவுதான் தண்ணீர். பல இடத்தில் அதுவும் இல்லை. ஆனால் முழங்கால் தண்ணீரைப் பார்க்க யார் ரயில் ஏறி வருவார்கள்? எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, "உள்ள ஆழம் ஜாஸ்தி மேடம், ஓரத்துல சாயாதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வேன். பயந்தால்தான் ஒரு சுவாரசியம் வரும்.

ஒருநாள் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, படகுக்குப் பக்கத்திலேயே கன்னியம்மாக்கா எழுந்து நின்றார். எங்கள் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர். நின்றபோது தண்ணீர் அவருக்கு முழங்காலில் இருந்தது. படகில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். மானத்தைக் காப்பாற்ற நான், "அக்கா, இவங்க போட்டோ எடுக்கறாங்க, அப்படியே கொஞ்சம் சிரிங்க" என்றேன். அவர் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "பறியக் கவ்விக்கினு எப்புட்றா சிரிக்கிறது? நீ ஒருக்கா கவ்விக் காட்டு, பாத்துக்கிறேன்."

ஏழு வரி

அருவிக்குப் போகிற பாதையில், குளத்துக்குச் சற்று முன்னால், ஒரு பலகை உண்டு. தெலுங்கில் ஏழு வரி. மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும், தண்ணீர் கலங்கினால் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் பாறை மேல் ஏறுங்கள், இந்தக் குளத்தில் உயிர்கள் போயிருக்கின்றன என்று எழுதியிருக்கிறது. முதல் தடவை ஒரு சென்னைத் தம்பதி அதைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே நடக்க முடியவில்லை, திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் பலகையை நிதானமாகப் படிக்கிற மாதிரி பார்த்துவிட்டு, "குப்பை போடாதீங்கன்னு எழுதியிருக்கு மேடம்" என்றேன்.

வந்த பொய் நன்றாக இருந்தது. அதன் பிறகு யார் கேட்டாலும் அதையே சொன்னேன். அந்த அம்மா அன்றைக்குக் குளிக்கவே இல்லை. யாரோ போட்டிருந்த சிப்ஸ் கவர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் சேர்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஏறும்போது அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்களை மாதிரி பொறுப்பா படிச்சுச் சொல்ற ஆள் எல்லா ஊர்லயும் இருக்கணும் சார்."

கன்னியம்மாக்கா குளித்த நாள்

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை மணல் அடைத்து, ஏரியில் இறால் அற்றுப்போன ஒரு வாரம். "சும்மாதான குந்திக்கினு கீறோம், அந்த அருவியத்தான் காட்டேன்" என்று கன்னியம்மாக்காவே கேட்டார். எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கேலிதான். "ஏ குமாரு, அங்கயும் ஆரஞ்சு சட்ட உண்டா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். பலகை வந்தது. கன்னியம்மாக்கா நின்று, "இன்னா எழுதிக்கீது?" என்றார். வாய் தானாகவே சொன்னது: "குப்ப போடக் கூடாதாம்க்கா."

எல்லோரும் புடவையோடு குளத்தில் இறங்கினார்கள். எங்களைத் தவிர அன்றைக்கு யாரும் இல்லை. கன்னியம்மாக்கா கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு பழக்கதோஷத்தில் பாறை அடியெல்லாம் துழாவினார். "ஒரு நண்டுகூட இல்லாத தண்ணி, இத்தப் போயி காட்றான் பாரு" என்றார். திடீரென்று கை நின்றது. முகம் மாறியது. "அடித் தண்ணி சில்லுனு வருது. மண்ணு வருது. ஏறுங்கடி." மேல் பாறையில் நின்றிருந்த நான் அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஏரிக்காரனுக்குத் தலைக்கு மேல் தெரிகிற மேகம்தான் மழை. "ஒண்ணும் இல்லக்கா, நல்லாக் குளிங்க" என்றேன். அந்த ஏழு வரியையும் மனப்பாடமாகத் தெரிந்தவன் சொன்ன வார்த்தை இது.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியாக முந்தானையைப் பிடித்து இழுத்துப் பாறை மேல் தள்ளினார். கடைசி ஆளாக அவர் ஏறினார். அவர் கால் பாறையில் பட்டதற்கும் வெட்டின் வழியாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து விழுந்ததற்கும் நடுவில் நான் இரண்டு மூச்சு விட்டிருப்பேன். போஸ்டரில் போட்டிருந்தேனே, அந்த அளவுக்குக் கொட்டியது. உட்கார்ந்திருந்த இடம், சோற்றுக் குண்டான், செருப்புகள் எல்லாம் போயின. என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் இருக்கிறோமா என்று நான் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளம் தணிந்து, வெறுங்காலோடு பாறை பாறையாகத் திரும்பும்போது கன்னியம்மாக்கா அந்தப் பலகைக்கு முன்னால் மறுபடி நின்றார். நனைந்த தலைமுடியைப் பிழிந்துகொண்டே, "இப்ப சொல்லு. இன்னா எழுதிக்கீது?" என்றார். ஏழு வரியையும் சொன்னேன். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கன்னியம்மாக்கா மட்டும் கேட்டார்: "முட்டி ஆழத் தண்ணிக்கு சட்ட மாட்டி வுட்டியே, இங்க இன்னாத்துக்குபா வாய மூடிக்கினே?"

இரண்டு மொழி படித்ததில் நான் கண்ட பலன், ஒன்றில் படித்ததை இன்னொன்றில் மறைக்கத் தெரிந்துகொண்டதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, வருகிறவர்கள் எல்லோரையும் அந்தப் பலகைக்கு முன்னால் நிறுத்தி, ஏழு வரியையும் தமிழில் வாய்விட்டுப் படிக்கிறேன்.